கல்லீரல் அறுவைக்குப் பின் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு ஒன்பது வயது, எடை 24 கிலோ. ஒன்பது நாட்களுக்கு முன், கல்லீரலின் இடப்பக்க மடலில் இருந்த பெரிய கட்டியை அந்த மடலோடு சேர்த்து அகற்றினார்கள். அது கல்லீரல் செல்களிலிருந்தே தோன்றிய புற்றுக்கட்டி என்றும், வெட்டிய விளிம்பில் கட்டியின் எச்சம் இல்லை என்றும் பயாப்சி முடிவு வந்திருக்கிறது. அமாக்சிசிலின்-கிளாவுலனேட், மெட்ரோனிடசோல் ஆகிய இரண்டு ஆன்டிபயாடிக்குகளை மூன்று வாரம் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். குடலில் பாக்டீரியா இல்லாத சுண்டெலிகளுக்குக் கல்லீரல் சரியாக வளர்வதில்லை என்று ஓர் அறிவியல் செய்தியில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இரண்டு நாட்களாக மாத்திரைகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் செய்தது சரியா? புரோபயாடிக் கொடுக்கலாமா? கல்லீரலுக்குச் சுமை தரக்கூடாது, புரதத்தைக் குறை என்கிறார் ஒரு நண்பர், கேட்கலாமா? கல்லீரல் வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குடல் பாக்டீரியாக்களுக்கான மலப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பின்னால் வரட்டும். இதைப் படித்த கையோடு அறுவை செய்த மருத்துவரை அழைத்து, இரண்டு நாட்களாக மாத்திரை கொடுக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்களாகவே மறுபடியும் தொடங்கவும் வேண்டாம். நீங்களாகவே நிறுத்தியபடி விட்டுவிடவும் வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: இந்த மருந்துகள் தொற்று வராமல் தடுப்பதற்காகக் கொடுக்கப்பட்டனவா, அல்லது அறுவையின்போது கண்ட ஒரு தொற்றுக்கான சிகிச்சையா? கட்டியின் உட்பகுதி அழுகியிருந்ததா, அதிலிருந்து எடுத்த மாதிரியில் ஏதேனும் கிருமி வளர்ந்ததா? மூன்று வாரம் என்ற கணக்கு எதைக் கொண்டு வந்தது?

உங்கள் முதல் கேள்விக்கான விடை முழுக்க முழுக்க அவருடைய பதிலில்தான் இருக்கிறது. தடுப்புக்காக மட்டுமே என்றால், அறுவைக்கான தடுப்பு ஆன்டிபயாடிக்கை மயக்கம் கொடுக்கும் வேளையில் தொடங்கி, பொதுவாக ஒரு நாளுக்குள் முடித்துவிடலாம் என்பதே இன்றைய அறுவை மருத்துவத்தின் நிலை. அப்படியானால் மூன்று வாரத்தைக் குறைக்கும்படி நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, எந்த நல்ல மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மாறாக, அழுகிய திசுவோ சீழோ இருந்து அதற்காகக் கொடுத்திருந்தால், பாதியில் நிறுத்துவது உங்கள் நாயின் உயிரோடு விளையாடுவதாகிவிடும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. படித்ததைப் பொறுப்போடு எடுத்துக்கொண்டதால்தான் நீங்கள் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் படித்த செய்தியில் பாதிதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மறுபாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

கல்லீரல் வளர்கிறது என்று நாம் சொல்லும்போது, வெட்டிய மடல் மறுபடியும் முளைக்கிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. போன மடல் போனதுதான். மிச்சமிருக்கும் மடல்களில் உள்ள செல்கள் பிரிந்து பெருகி, அந்த மடல்கள் பருத்து, உடலுக்குத் தேவையான மொத்த அளவை ஈடுகட்டுகின்றன. 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றும் முறையை விவரித்தார்கள். அன்று முதல் இன்று வரை இத்துறையின் பெரும்பாலான சோதனைகள் அந்த முறையின் மேல்தான் நிற்கின்றன. எலியில் அந்த இழப்பு ஏழு முதல் பத்து நாட்களுக்குள் எடையளவில் ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது. நாயில் அதே வேலை வாரக் கணக்கில் நடக்கிறது. செல்கள் தங்கள் மரபுப்பொருளை இரட்டிப்பாக்கும் உச்சநேரம் எலியில் 24 மணி நேரத்திலும், சுண்டெலியில் ஒன்றரை நாள் முதல் இரண்டு நாளிலும், நாயில் ஏறத்தாழ மூன்றாம் நாளிலும் வருகிறது. நீங்கள் மாத்திரையை நிறுத்திய ஏழாம் நாளில் உங்கள் நாய் அந்த உச்சத்தைக் கடந்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இடப்பக்க மடல்களை அகற்றிய ஒரு நாய், எட்டு மாதம் கழித்து எதையோ விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தது. அடைப்பை எடுத்து முடித்த பின், உதரவிதானத்தின் அடியில் கையை விட்டுக் கல்லீரலைத் தடவிப் பார்த்தேன். நான் மடலை எடுத்த இடத்தில் விரல் நுனி அளவு கெட்டியான தழும்பு ஒன்று இருந்தது. வயிற்றின் கொழுப்புத் திரை அதன்மேல் ஒட்டியிருந்தது. அதற்கு அடுத்து, கத்தி போல் மெல்லிய ஓரத்தோடு நான் விட்டுவந்த வலப்பக்க மடல்கள் இப்போது தடித்து, ஓரம் உருண்டு, இடப்பக்கம் காலியாயிருந்த இடத்திலும் சாய்ந்து நிரப்பியிருந்தன. நிறமும் மென்மையும் ஆரோக்கியமான கல்லீரலுடையவை. வடிவம் மட்டும் எந்த உடற்கூற்றுப் படத்திலும் இல்லாதது. உங்கள் நாயின் வயிற்றுக்குள்ளும் இப்போது நடந்துகொண்டிருப்பது இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். சோதனைச் சுண்டெலியிலிருந்து எடுப்பது ஆரோக்கியமான கல்லீரல். அந்த நொடியில் அதன் உழைக்கும் திசுவில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகிறது. உங்கள் நாயிலிருந்து எடுத்ததில் பெரும்பகுதி கட்டி. அது மெல்ல மெல்ல வளர்ந்த காலத்திலேயே மற்ற மடல்கள் ஓரளவு பெருத்து வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும். ஆகையால் அறுவை நாளன்று உங்கள் நாய் இழந்த உண்மையான கல்லீரல், கிண்ணத்தில் கிடந்த கட்டியின் பருமனைப் பார்த்து நீங்கள் அஞ்சிய அளவுக்கு இருக்காது.

இனி, பாக்டீரியாக்களுக்கும் கல்லீரலுக்கும் என்ன உறவு என்பதற்கு வருகிறேன். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து கிளம்பும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. குடல் உறிஞ்சிய உணவு மட்டுமல்லாமல், குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் செய்து வெளிவிடும் பொருள்களும், அவை சிதையும்போது உதிரும் துணுக்குகளும் அந்த இரத்தத்தில் வருகின்றன. அவற்றை எதிர்கொண்டு விழுங்குவதற்கென்றே கல்லீரலின் இரத்தப் பாதைகளில் குப்ஃபர் செல்கள் அமர்ந்திருக்கின்றன. கல்லீரலின் பெரும்பகுதியை வெட்டியதும், முன்பு முழுக் கல்லீரலுக்கும் பரவிய அதே இரத்தம் மிச்சமிருக்கும் சிறு பகுதிக்குள் பாய்கிறது. குப்ஃபர் செல்கள் விழிப்படைந்து டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. தூங்கிக்கொண்டிருந்த கல்லீரல் செல்கள் பிரிவதற்கு ஆயத்தமாகின்றன. இன்டர்லூக்கின்-6 இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளில் கல்லீரல் மீள்வளர்ச்சி தடைபட்டதை 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கும் முன்பே, 1990-இல், நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்த சுண்டெலிகளில் மீள்வளர்ச்சி மந்தப்படுவதைக் கண்டிருந்தார்கள். பாக்டீரியாக்களின் சுவரிலிருந்து உதிரும் எண்டோடாக்சின்தான் விழிப்பு மணியை அடிக்கிறது என்ற எண்ணம் அப்போது வலுப்பட்டது. ஆனால் எண்டோடாக்சினை உணரும் ஏற்பி இல்லாத சுண்டெலிகளிலும் அந்த முதல் செய்திகள் எழுந்ததைப் பின்னர் கண்டார்கள். எனவே ஒரு மணி, ஒரு கயிறு என்று இதைச் சுருக்கிவிட முடியாது.

உங்களை அச்சுறுத்திய செய்திக்கு மிக அருகில் வருவது, 2015-இல் வெளியான ஓர் ஆய்வு. வாய்வழியாக ஆம்பிசிலின் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில் குடலின் இயல்பான பாக்டீரியாக் கூட்டம் சிதைந்தது. அதன் விளைவாகக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் வழக்கமான பொறுமையை இழந்தன. அவை விடுத்த செய்தியால் ஒருவகை எதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழுந்து, மீள்வளர்ச்சியை ஒடுக்கின. குடல் பாக்டீரியாக்கள் கல்லீரலைத் தூண்டிவிடுவதோடு, அதை அமைதியாகவும் வைத்திருக்கின்றன என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆம்பிசிலினும் உங்கள் நாய்க்குக் கொடுத்த அமாக்சிசிலினும் ஒரே குடும்பத்து மருந்துகள் என்பதால், உங்கள் மனம் கலங்கியதில் வியப்பில்லை.

2023-இல் ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு, என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள சவ்வும் இரண்டு செல்களுக்குப் போதுமானதாக வேண்டும். அந்தச் சவ்வு பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பால் ஆனது. உணவின் நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் பிறக்கின்றன. அவை போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்கு வந்து, சவ்வுக்கான கொழுப்பை உருவாக்கும் வேலைக்குத் துணை நிற்கின்றன. ஆன்டிபயாடிக்குகளால் குடலை வெறுமையாக்கிய சுண்டெலிகளில் இந்தச் சவ்வு உற்பத்தி குன்றி, கல்லீரல் வளர்ச்சி தாமதப்பட்டது. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கவல்ல சில பாக்டீரியா வகைகளைத் திரும்பக் குடியேற்றியபோது வளர்ச்சியும் திரும்பியது. வீடு கட்டக் கொத்தனார்கள் வந்து காத்திருக்க, செங்கல் வண்டி வராமல் போவதைப் போன்றது அந்தச் சுண்டெலிகளின் நிலை.

மூன்றாவதாகப் பித்த அமிலங்கள். கல்லீரல் இவற்றைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. குடலின் இறுதிப் பகுதியில் பெரும்பங்கு உறிஞ்சப்பட்டு மறுபடியும் கல்லீரலுக்கே திரும்புகிறது. இடையில் ஒரு சிறு பங்கைப் பாக்டீரியாக்கள் வேறு வடிவமாக மாற்றுகின்றன. திரும்பி வரும் பித்த அமிலங்களின் அளவைக் கல்லீரல் ஓர் அளவுகோலாகப் பயன்படுத்திக்கொள்கிறது: மிச்சமிருக்கும் கல்லீரலால் சமாளிக்க முடியாத அளவு வந்தால், இன்னும் வளர வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது. இந்த உணர்வுக்கான ஏற்பி இல்லாத சுண்டெலிகளில் மீள்வளர்ச்சி குறைவதை 2006-இல் வெளியான ஆய்வு நிறுவியது. நாயின் குடலில் பித்த அமிலங்களை மாற்றும் முதன்மையான பாக்டீரியா, முன்பு கிளாஸ்ட்ரிடியம் ஹிரானோனிஸ் என்று அழைக்கப்பட்ட இனம். ஆரோக்கியமான நாய்களுக்குப் பதினான்கு நாட்கள் மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்த, 2020-இல் வெளியான ஆய்வில் இந்த இனம் வெகுவாகச் சரிந்தது. மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆன பின்னும் குடலின் பாக்டீரியாக் கூட்டம் எல்லா நாய்களிலும் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பிவிடவில்லை. எலியிலோ சுண்டெலியிலோ அன்றி நாயிலேயே கண்டது என்பதால், நீங்கள் எழுப்பிய ஐயத்தில் என் கவனத்தை மிகவும் ஈர்ப்பது இதுதான். காரணமில்லாமல் மெட்ரோனிடசோலை நீட்டிக்கக் கூடாது என்று நான் என் இளைய மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவும் உங்கள் பக்கம் நிற்கும் சான்றுகள். இனி மறுபாதி.

நாயின் கல்லீரல் ஆரோக்கியமாக இருக்கும்போதுகூட முற்றிலும் கிருமியற்றதாக இருப்பதில்லை. குடலிலிருந்து வந்து சேர்ந்த, காற்றில்லாமல் வாழும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் அதில் அடங்கிக் கிடக்கக்கூடும். இரத்த ஓட்டம் உள்ளவரை அவை ஒன்றும் செய்வதில்லை. ஒரு பகுதிக்கு இரத்தம் நின்று, திசு இறக்கத் தொடங்கினால், அவை பெருகி, வாயுவும் நஞ்சும் உண்டாக்கி, நாயை ஓரிரு நாட்களில் கொன்றுவிடும். கல்லீரல் தமனியைக் கட்டினால் நாய்கள் இறந்துவிடுகின்றன என்பது முந்தைய அறுவை மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1949-இல் மார்க்கோவிட்ஸும் அவருடைய துணைவர்களும் அதே தமனியைக் கட்டிய நாய்களுக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள், நாய்கள் பிழைத்தன. தமனி இல்லாததைவிடக் கிருமிகள் இருந்ததே அந்த மரணங்களுக்கு முக்கியக் காரணம் என்பது அப்போது விளங்கியது. பெரிய கட்டிகளின் நடுப்பகுதிக்கு இரத்தம் போதாமல் திசு அழுகியிருப்பது வழக்கம் என்பதால், கல்லீரலைத் தொடும் எந்தக் கால்நடை அறுவை மருத்துவரும் ஆன்டிபயாடிக் இல்லாமல் அந்த வேலையில் இறங்கத் துணிய மாட்டார்.

சோதனைச் சுண்டெலிகளுக்கு அந்த மருந்து எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். அறுவைக்கு முன்பிருந்தே, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைக் கலந்து, குடல் பாக்டீரியாக்களை ஏறக்குறைய வேரோடு களைவதே நோக்கமாகக் கொண்டு கொடுக்கிறார்கள். அந்த வெறுமையான குடலோடு விலங்கின் கல்லீரலில் பெரும்பங்கை வெட்டுகிறார்கள். உங்கள் நாயோ தன் முழுப் பாக்டீரியாக் கூட்டத்தோடு அறுவைக்குள் போனது. மருந்து அந்தக் கூட்டத்தை மெலிய வைத்திருக்கும், துடைத்து எடுத்திருக்காது. சுண்டெலிகளிலும்கூட, பெரும்பாலான சோதனைகளில் நாம் காண்பது தாமதம். வளர்ச்சி அடியோடு நின்றுபோவது அரிது. ஒரே பாக்டீரியாவே குடலுக்குள் இருக்கும்போது கல்லீரலுக்கு உதவியாளராகவும், குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் இறங்கிவிட்டால் கொலையாளியாகவும் இருக்க முடியும். ஆகையால் இந்த விஷயத்தில் நான் முதலில் காக்க விரும்புவது குடலின் சுவரைத்தான். அந்தச் சுவர் உறுதியாக இருக்க, நாய் வாய்வழியாகச் சாப்பிட வேண்டும். பெருங்குடல் சுவரின் செல்கள் பாக்டீரியாக்கள் தரும் பியூட்டிரேட்டைத்தான் முதன்மை எரிபொருளாகக் கொள்கின்றன என்பதால், அந்தப் பாக்டீரியாக்களுக்கும் தீனி கிடைக்க வேண்டும்.

இங்கிருந்து உங்கள் நண்பரின் அறிவுரைக்கு வரலாம். புரதத்தைக் குறைக்காதீர்கள். கல்லீரல் நோய் என்றதும் புரதத்தை வெட்டுவது ஒரு பழைய பழக்கம். உங்கள் நாயின் இன்றைய நிலையில் அது நேரடியாகத் தீங்கு செய்யும். புதுச் செல்கள் புரதத்தால் ஆனவை. வெட்டிய வயிற்றுச் சுவரும் புரதத்தால்தான் கூடுகிறது. இரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளை மந்தமாகும் அறிகுறிகள் இருந்தால் மட்டுமே புரதத்தின் அளவையும் வகையையும் மாற்றுவோம். உண்ட சில மணி நேரத்தில் திசை தெரியாமல் சுற்றுவது, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பது, வாயில் எச்சில் ஒழுக வெறித்துப் பார்ப்பது ஆகியவை அந்த அறிகுறிகள். அந்த நிலையில்தான் லாக்டுலோஸ் என்ற மருந்தும் பயன்படுகிறது. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. நாய் வழக்கமாகத் தின்னும் தரமான முழு உணவையே, நாளுக்கு நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள், பட்டினி போடாதீர்கள். கரையும் நார்ச்சத்தைச் சிறிதளவு சேர்க்கலாம், ஆனால் ஒரே நாளில் அதிகமாகச் சேர்த்தால் வயிறு ஊதி, தையலுக்கு நோவாகும் என்பதால் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள்.

புரோபயாடிக் பற்றி. மனிதர்களில், பித்தநாளப் புற்றுக்காகக் கல்லீரல் அறுவை செய்யப்பட்டவர்களுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் நல்ல பாக்டீரியாக்களையும் அவற்றுக்கான தீனியையும் சேர்த்துக் கொடுத்தபோது தொற்றுச் சிக்கல்கள் குறைந்ததை, ஜப்பானின் நகோயாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. தொற்று குறைவதும் கல்லீரல் விரைந்து வளர்வதும் ஒன்றல்ல என்றாலும், பயனுள்ள செய்தி அது. நாய்களுக்கென்று தயாரிக்கப்பட்ட புரோபயாடிக்கை, உங்கள் மருத்துவர் சம்மதித்தால், ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கும் நோக்கத்தோடு கொடுக்கலாம்; ஆன்டிபயாடிக் கொடுத்து இரண்டு மணி நேரமாவது கழித்துக் கொடுத்தால் மருந்து அதைக் கொன்றுவிடும் வாய்ப்பு குறையும். கல்லீரலை வளர்க்கும் மருந்தாக மட்டும் அதை நம்பிவிடாதீர்கள். நாய்க்குக் காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், உயிருள்ள பாக்டீரியா எதையும் கொடுக்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். மனிதர்களுக்கான மெல்லும் மாத்திரைகளையோ இனிப்பூட்டிய பொடிகளையோ எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை இல்லாதது என்று விற்கப்படும் பல பொருள்களில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது. அது மனிதருக்குத் தீங்கற்றது. நாயின் கணையத்தை ஏமாற்றி இன்சுலினைக் கொட்ட வைத்து இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும், அளவு கூடினால் கல்லீரல் செல்களையே அழிக்கும். அப்படிப்பட்ட மாத்திரையை அன்போடு கொடுத்த ஒருவர், நடுங்கும் நாயைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அதிகாலையில் என்னிடம் ஓடி வந்தார். கால்கள் தளர்ந்து, கண் நிலைகொள்ளாமல் கிடந்த அந்த நாய் சிரை வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆனால் அதன் கல்லீரல் நொதிகள் இறங்குவதற்காக நாங்கள் நாட்கணக்கில் காத்திருந்தோம். பாராசிட்டமாலும் அப்படியே, வலிக்கு நீங்களாக எதுவும் கொடுக்க வேண்டாம்.

மருத்துவர் மெட்ரோனிடசோலைத் தொடரச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவதில் பெரும்பங்கு கல்லீரலுடையது. கல்லீரலின் திறன் குறைந்திருக்கும்போது உடலில் தேங்கி நரம்புகளைத் தாக்கக்கூடும். நடையில் தள்ளாட்டம், தலை ஒரு பக்கமாகச் சாய்தல், கண்மணிகள் தாமாகவே இப்படியும் அப்படியும் துடித்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரை அழையுங்கள். அளவைக் குறைத்துக் கொடுத்திருக்கிறாரா என்று இன்றைய தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடலாம்.

கல்லீரல் வளர்கிறதா என்பதை வீட்டிலிருந்தபடி அளக்க முடியாது. ஆனால் அது தடுமாறினால் வீட்டில்தான் முதலில் தெரியும். காலையில் நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி ஈறுகளைப் பாருங்கள்: மஞ்சள் சாயல் தெரிந்தாலும், வெளிறியிருந்தாலும் தாமதிக்காதீர்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை; ஆசனவாய் வழியாக அளக்கும்போது 39.5-ஐத் தாண்டினால், மாத்திரை நிறுத்தப்பட்ட இந்த நாட்களில் குறிப்பாக, அன்றே கொண்டுபோக வேண்டும். வயிறு நாளுக்கு நாள் பருப்பது, தார் போன்ற கறுத்த மலம், ஒரு நாள் முழுக்க உணவை மறுப்பது ஆகியவையும் அப்படித்தான்.

இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதியான ஏ.எல்.டி அறுவைக்கு மறுநாள் வெகுவாக ஏறியிருக்கும். வெட்டுக் காயத்தின் கணக்கு அது. வாரங்களில் அது இறங்குகிறதா என்பதே முக்கியம். ஆனால் நொதிகள் காயத்தைச் சொல்லும், திறனைச் சொல்லா. திறனை அறிய ஆல்புமின், சர்க்கரை, யூரியா, இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றையும், உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் எடுக்கும் பித்த அமில அளவையும் பார்க்க வேண்டும். அறுவையிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் இவற்றோடு ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். மடல்களின் பருமனையும், கட்டி வேறெங்கும் தலைகாட்டவில்லை என்பதையும் ஒருசேரப் பார்த்துவிடலாம். கட்டியைப் பற்றி உங்களுக்கு உள்ளூர இருக்கும் அச்சத்துக்கும் ஒரு செய்தி: ஒரே மடலில் திரண்டு வளரும் இவ்வகைக் கட்டியை அறுவையால் அகற்றிய நாய்களைப் பற்றி 2004-இல் வெளியான ஆய்வில், இடைநிலை வாழ்நாள் 1,460 நாட்களைத் தாண்டியது; அறுவை செய்யாதவற்றில் அது 270 நாட்கள். உங்கள் நாயின் வெட்டு விளிம்பு சுத்தமாக வந்திருக்கிறது.

கடைசியாக, மலப் பரிசோதனை. நாயின் குடலில் சில குறிப்பிட்ட பாக்டீரியாக்களின் அளவைக் கணக்கிட்டு, கூட்டம் சீர்குலைந்திருக்கிறதா என்று ஓர் எண்ணாகச் சொல்லும் பரிசோதனை இருக்கிறது. மேலே சொன்ன ஹிரானோனிஸ் இனமும் அதில் ஒன்று. இப்போது அதற்குச் செலவழிக்க வேண்டாம். இரண்டு ஆன்டிபயாடிக்குகள் எடுத்த குடல் சீர்குலைந்துதான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து நாம் இன்று செய்யக்கூடியது எதுவும் இல்லை. மருந்துகள் முழுவதும் நின்று ஆறு வாரம் ஆன பின்னும் மலம் இளகியே இருந்தால், அல்லது எடை ஏறாமல் நின்றால், அப்போது செய்யலாம். அதுவரை வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறாம் வாரப் பரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள்.